அல்காரிதம் பாடத்தில் பாஸ்... ஆனால், ஒரு அல்காரிதம் யோசிக்க வருமா?

மளிகைக் கடை கல்லாவில் 50 ரூபாய், 20 ரூபாய் நோட்டுகள் மட்டும்தான் இருக்கின்றன. 10 ரூபாய் ஒன்றுகூட இல்லை. வாடிக்கையாளருக்கு 60 ரூபாய் மீதி தர வேண்டும். கடைக்காரர் முதலில் ஒரு 50-ஐ எடுக்கிறார். இன்னும் 10 ரூபாய்க்குத் தேடுகிறார், கிடைக்கவில்லை. எடுத்த 50-ஐத் திரும்பக் கல்லாவில் போட்டுவிட்டு, மூன்று 20 ரூபாய் நோட்டுகளை எண்ணி நீட்டுகிறார். மொத்தமே ஐந்து விநாடி வேலை.

அந்த ஐந்து விநாடிக்குள் இன்ஜினீயரிங் பாடத்தின் இரண்டு பெரிய தலைப்புகள் இருக்கின்றன. 'இருப்பதில் பெரியதை முதலில் எடு' என்று கடைக்காரர் ஆரம்பித்தது 'கிரீடி' முறை. வழி அடைபட்டதும் பின்னால் வந்து வேறு வழியில் போனது 'பேக்டிராக்கிங்'. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் இரண்டையும் தனித்தனி யூனிட்டில் படிக்கிறார்கள், தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால், 'இந்தக் கடையில் கிரீடி ஏன் தோற்றது? எந்த மாதிரி கல்லாவில் அது ஜெயிக்கும்?' என்று கேட்டால்? நல்ல மார்க் வாங்கியவர்களில்கூடப் பலர் யோசிக்க ஆரம்பிப்பதே அப்போதுதான்.

குறை மாணவர்களிடம் இல்லை. அந்தக் கேள்வியை யாரும் அவர்களிடம் அதுவரை கேட்டதில்லை என்பதே சிக்கல்.

இந்தப் பாடம் எதுக்கு?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இது 'அல்காரிதம்ஸ்' என்ற பெயரில் நான்காம் செமஸ்டரில் வருகிறது. முந்தைய பாடத்திட்டத்தில் 'டிசைன் அண்ட் அனாலிசிஸ் ஆஃப் அல்காரிதம்ஸ்'. மாணவர்கள் வாயில் 'டிஏஏ'. பழைய பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு சிக்கலுக்குத் தீர்வுக்கான படிகளை உருவாக்குவது டிசைன். அந்தப் படிகள் சரியான விடைதான் தருமா, அதற்கு எவ்வளவு நேரமும் நினைவகமும் செலவாகும் என்று கணக்குப் போடுவது அனாலிசிஸ்.

இரண்டாவது ஏன் முக்கியம்? 10 லட்சம் பெயர்களை அகர வரிசையில் அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணினி விநாடிக்கு 10 கோடி படிகளைச் செய்யும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் முறையில் சுமார் 1 லட்சம் கோடி படிகள் ஆகும். அதாவது 10,000 விநாடிகள், கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிடம். 'மெர்ஜ் சார்ட்' போல இரண்டு இரண்டாகப் பிரித்து அடுக்கினால் சுமார் 2 கோடி படிகள். அதே கணினியில் 0.2 விநாடி. கணினி மாறவில்லை, மொழி மாறவில்லை. யோசித்த விதம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

கணினியின் வேகத்தால் காப்பாற்ற முடியாத இடங்களும் உண்டு. கூரியர் ஊழியர் ஒருவர் 10 வீடுகளுக்கு பார்சல் கொடுக்க வேண்டும். எந்த வரிசையில் போனால் தூரம் குறையும்? எல்லா வரிசைகளையும் போட்டுப் பார்த்தால் 36,28,800. அதே கணினிக்கு ஒரு விநாடிகூட ஆகாது. 10 வீடு 20 வீடு ஆனால்? இரண்டு மடங்கு நேரம் என்று தோன்றும். உண்மையில் சுமார் 770 ஆண்டுகள். வேலை இரட்டிப்பானால் நேரமும் இரட்டிப்பாகும் என்ற நம் இயல்பான ஊகம் எங்கே உடைகிறது என்று காட்டுவதே இந்தப் பாடத்தின் உயிர்.

198 கோடி ஒப்பீடுகள்

'இதெல்லாம் தேர்வுக்கு மட்டும்தான், வேலையில் யார் பார்க்கிறார்கள்?' என்று ஒரு பேச்சு உண்டு. 'ஜிடிஏ ஆன்லைன்' விளையாட்டில் 2021-ல் நடந்தது அதற்குப் பதில். விளையாட்டு திறக்கவே பல நிமிடங்கள் ஆகிறது என்று ஆண்டுக்கணக்கில் புகார் இருந்தது. வெளியிலிருந்த ஒரு புரோகிராமர், மூல நிரல் கையில் இல்லாமலே காரணத்தைத் தேடிப் பிடித்தார்.

விளையாட்டுக்குள் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் சுமார் 10 எம்பி அளவுள்ள ஒரு கோப்பில் இருந்தது. ஏறக்குறைய 63,000 பொருள்கள். ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும்போதும், 'இது ஏற்கெனவே இருக்கிறதா?' என்று அதுவரை சேர்த்த எல்லாவற்றையும் ஒன்றொன்றாகப் பார்த்தது நிரல். பெருக்கிப் பார்த்தால் சுமார் 198 கோடி ஒப்பீடுகள். போதாக்குறைக்கு, கோப்பில் ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும் மிச்சக் கோப்பின் நீளத்தைக் கடைசி வரை எண்ணிக்கொண்டிருந்தது.

இரண்டையும் சரிசெய்ததும், அவர் கணினியில் 6 நிமிடம் ஆனது 2 நிமிடத்துக்குள் வந்தது. விளையாட்டின் தயாரிப்பு நிறுவனமும் தவறை ஏற்றுத் திருத்தியது, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

தேவைப்பட்டது ஒரு 'ஹேஷ் டேபிள்'. இரண்டாம் ஆண்டு மாணவருக்குத் தெரிந்த சமாச்சாரம். ஹேஷ் டேபிள் என்றால் என்னவென்று அந்த நிரலை எழுதியவருக்கும் நிச்சயம் தெரிந்திருக்கும். 63 பொருள் இருந்தால் ஓடுவது 63,000 பொருள் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் அந்த நேரத்தில் எழவில்லை. அந்தக் கேள்வியைப் பழக்கமாக்குவதுதான் வகுப்பறையின் வேலை.

வகுப்பறையில் என்ன நடக்கிறது?

இணைப்புக் கல்லூரிகளில் படித்த எல்லோருக்கும் தெரிந்த வினாத்தாள் அமைப்பு இது: 2 மார்க் கேள்விகள் பத்து, 13 மார்க் கேள்விகள் ஐந்து, 15 மார்க் கேள்வி ஒன்று. ஐந்து யூனிட், யூனிட்டுக்கு ஒரு பெரிய கேள்வி 'இது அல்லது அது' என்ற வடிவில். பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் ஒரு தாளம் பிடிபட்டுவிடும். மெர்ஜ் சார்ட் எழுதி நேரத்தைக் கணக்கிடு. கொடுத்த கிராஃபுக்கு பிரிம்ஸ் முறையில் மரம் போடு. நாப்சாக் கணக்கை டைனமிக் புரோகிராமிங் முறையில் அட்டவணை போட்டுத் தீர். எட்டு ராணிகள்.

கேள்வி இப்படி வரும் என்று தெரிந்தால் மாணவர் என்ன செய்வார்? கொஸ்டின் பேங்க் வாங்குவார், தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளில் அட்டவணை போடும் முறையை மனப்பாடம் பண்ணுவார், எண்களை மட்டும் மாற்றிப் போட்டு 13-க்கு 11 வாங்குவார். அந்த ஆட்டத்துக்கு அதுதான் சிறந்த அல்காரிதம்! மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

விலை பிறகு தெரியும். கேம்பஸ் இன்டர்வியூவில் 'குவிக் சார்ட் எழுதுங்க' என்றதும் கடகடவென்று எழுதுகிறார். 'முதல் எண்ணையே பிவட்டா எடுத்திருக்கீங்க. ஏற்கெனவே வரிசையா இருக்கிற பட்டியல் வந்தா என்ன ஆகும்?' என்று அடுத்த கேள்வி. பதில் புத்தகத்தில் இருக்கிறது: அந்தச் சூழலில் குவிக் சார்ட்டின் வேகமெல்லாம் போய், எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடும் நிலைக்கு வந்துவிடும். 'வொர்ஸ்ட் கேஸ்' என்ற சொல்லோடு அந்தச் சூத்திரத்தை அவர் தேர்வில் எழுதியும் இருக்கிறார். அந்த எழுத்துக்கும் கண் முன் இருக்கும் பட்டியலுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதுதான் அவருக்குச் சொல்லப்படவில்லை.

இதில் அதிகம் அடிபடுபவர்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வசதியுள்ள மாணவர் கட்டணம் கட்டித் தனியாக கோடிங் பயிற்சிக்குப் போய்விடுகிறார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் சேர்ந்தவருக்குக் கல்லூரி வகுப்பை விட்டால் வேறு வழி கிடையாது. வகுப்பறை வெறும் மனப்பாடக் கூடமானால், அந்த இடைவெளியைக் கல்லூரியே பெரிதாக்குகிறது என்று அர்த்தம்.

ஒரு செமினார் ஹால், மூன்று விதிகள்

வேறு எப்படி நடத்துவது? ஒரு வகுப்பைக் கற்பனை செய்து பார்க்கலாம். பேராசிரியர் கரும்பலகையில் எதையும் எழுதாமல் ஒரு சிக்கலைச் சொல்கிறார்: 'காலேஜில் ஒரே ஒரு செமினார் ஹால். ஒரே நாளில் பல நிகழ்ச்சிகளுக்குக் கேட்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தொடக்க நேரமும் முடியும் நேரமும் உண்டு. ஒன்றோடொன்று மோதாமல் அதிகபட்ச நிகழ்ச்சிகளுக்கு ஹாலைக் கொடுக்கணும். எப்படித் தேர்வு செய்வீங்க?'

'மேம், எது முதல்ல தொடங்குதோ அதுக்குக் கொடுத்துடலாம்' என்கிறார் ஒருவர். யாராவது அதை உடைக்க முடியுமா என்று வகுப்பைக் கேட்கிறார் பேராசிரியர். பின் வரிசையிலிருந்து பதில் வருகிறது: 'காலை 8 மணிக்குத் தொடங்கி சாயங்காலம் 5 வரைக்கும் ஒரே நிகழ்ச்சி இருந்தா, மத்த எல்லாம் காலி மேம்.' முதல் விதி செத்தது.

'அப்போ எது குறைஞ்ச நேரமோ அது முதல்ல' என்கிறார் இன்னொருவர். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால், 9 முதல் 12 வரை ஒன்று, 11.30 முதல் 1 வரை ஒன்று, 12.30 முதல் 4 வரை ஒன்று என்று வைத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிதான் சிறியது. அதை எடுத்தால் மற்ற இரண்டும் போச்சு. அதை விட்டால் இரண்டு நிகழ்ச்சி நடத்தலாம். இரண்டாவது விதியும் செத்தது.

இருபது நிமிடத்தில் யாராவது ஒருவர் 'எது முதல்ல முடியுதோ அது' என்று வந்து நிற்பார். இதை உடைக்க முயல்வார்கள், முடியாது. ஆனால், நம்மால் உடைக்க முடியவில்லை என்பதாலேயே அது சரியாகிவிடுமா? இங்கேதான் நிரூபணம் தேவைப்படுகிறது. அதையும் பேச்சு நடையிலேயே சொல்லலாம்: 'உங்களிடம் மிகச் சிறந்த ஓர் அட்டவணை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் நிகழ்ச்சியைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும்விட முதலில் முடியும் நிகழ்ச்சியை அந்த இடத்தில் வையுங்கள். இது அதைவிடத் தாமதமாக முடியாது, ஆகவே பின்னால் இருக்கும் எதோடும் மோதாது. எண்ணிக்கையும் குறையவில்லை. மிச்சமுள்ள நேரத்துக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள்.' அவ்வளவுதான். புத்தகம் இதை நான்கு குறியீடுகளோடு அரைப் பக்கத்தில் எழுதியிருக்கும்.

அந்த வகுப்பில் மாணவர் மூன்று விஷயங்களோடு வெளியே வருகிறார். தோன்றிய முதல் யோசனையை நம்பக் கூடாது. ஒரு விதியைக் கொல்ல ஒரே ஓர் எதிர் உதாரணம் போதும். ஒரு விதியைக் காப்பாற்ற எத்தனை உதாரணமும் போதாது, காரணம் வேண்டும். நாளைக்கு அவர் வங்கி மென்பொருள் எழுதினாலும் மருத்துவமனை டோக்கன் முறை எழுதினாலும் இந்த மூன்றும் கூடவே வரும்.

தேர்வைத் தவிர்க்கப் போய்ப் பிறந்த அல்காரிதம்

நல்ல கேள்வி என்ன செய்யும் என்பதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே ஒரு கதை இருக்கிறது. 1951-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ தன் மாணவர்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்: இறுதித் தேர்வு எழுதலாம், அல்லது கொடுக்கும் சிக்கல் ஒன்றுக்குக் கட்டுரை எழுதலாம். தகவலை மிகக் குறைந்த பிட்களில் எப்படிக் குறிப்பது என்பது சிக்கல். அது அதுவரை தீர்க்கப்படாத ஒன்று என்பதை அவர் சொல்லவில்லை. டேவிட் ஹஃப்மேன் என்ற மாணவர் மாதக்கணக்கில் போராடி, சரிவராமல், சரி தேர்வுக்கே படிக்கலாம் என்று முடிவெடுத்த நேரத்தில் விடை பிடிபட்டது. ஃபானோ மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டு வந்த மரத்தை, ஹஃப்மேன் கீழிருந்து மேலாகக் கட்டினார். 1952-ல் கட்டுரை வெளியானது. இன்று ஜிப் கோப்பிலும் ஜேபெக் படத்திலும் அந்த முறை இருக்கிறது.

தேர்வுக்குப் பதிலாகப் பிறந்த அதே ஹஃப்மேன் மரம், இன்று படிகளை ஒப்பிக்கும் 13 மார்க் கேள்வி. இதைவிடப் பெரிய முரண் இந்தப் பாடத்தில் இல்லை.

இந்தியாவிலும் உதாரணம் உண்டு. ஓர் எண் பகா எண்ணா என்று வேகமாகவும் உறுதியாகவும் சொல்லும் முறையை 2002-ல் ஐஐடி கான்பூரிலிருந்து மூவர் உலகுக்குக் கொடுத்தனர். பேராசிரியர் மணீந்திர அகர்வால், அவரோடு நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னவர் இருவரும் பி.டெக் படிக்கும்போதே இந்த ஆய்வில் இறங்கியவர்கள். எல்லா மாணவரும் புது அல்காரிதம் கண்டுபிடித்துவிடப் போவதில்லை. ஆனால், விடை தெரியாத கேள்வியோடு சில நாள் உட்காரும் அனுபவம் எல்லோருக்கும் ஒரு முறையாவது வேண்டும்.

'சிலபஸை யார் முடிப்பது?'

இதற்கு எதிர்வாதங்கள் இருக்கின்றன. எதுவும் லேசானதல்ல.

முதலாவது, நேரம். ஐந்து யூனிட்டை முடிக்க வேண்டும், ஒரு வகுப்பில் 60 பேர், ஆசிரியருக்கு அதே செமஸ்டரில் வேறு பாடங்களும் நிர்வாக வேலைகளும். ஒரு சிக்கலுக்கு இருபது நிமிடம் விவாதம் என்றால் சிலபஸ் எங்கே முடியும்? உண்மைதான். ஆனால், எல்லாத் தலைப்பையும் இப்படி நடத்தத் தேவையில்லை, யூனிட்டுக்கு ஒன்று போதும். அட்டவணை போடும் பயிற்சியை வீட்டுக்கு விட்டுவிடலாம். அதற்கு வீடியோக்கள் இருக்கின்றன. சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் அல்காரிதம் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீடியோவால் செய்ய முடியாத ஒன்றை, அதாவது மாணவரின் தவறான யோசனையைக் கையில் எடுத்து ஏன் தவறு என்று காட்டுவதை, வகுப்பு செய்யட்டும்.

இரண்டாவது, தேர்ச்சி விகிதம். 'யோசிக்கிற கேள்வி கேட்டால் பாதிப் பேருக்கு அரியர் விழும்' என்ற பயம். அதனால்தான் மாற்றம் சிறிதாகத் தொடங்க வேண்டும். 15 மார்க் கேள்வி ஒன்றை மட்டும், கொஸ்டின் பேங்கில் இல்லாத புதுச் சூழலாகக் கொடுக்கலாம். விடைக்கு மட்டும் மார்க் தராமல், தவறான யோசனையை எதிர் உதாரணத்தோடு நிராகரித்ததற்கும் மார்க் தரலாம். அப்போது, முழு விடை வராத மாணவருக்கும் யோசித்ததற்குப் பலன் கிடைக்கும். இன்டர்னல் மார்க் கல்லூரியின் கையில்தானே இருக்கிறது? அங்கிருந்தே தொடங்கலாம்.

மூன்றாவது, லேப். இங்கே பாடத்திட்டம் நல்ல விஷயம் ஒன்றை ஏற்கெனவே செய்திருக்கிறது. தேடுதல், வரிசைப்படுத்துதல் நிரல்களை வெவ்வேறு அளவு உள்ளீட்டில் ஓட்டி, ஆன நேரத்தை வரைபடமாகப் போட வேண்டும் என்கிறது. ஆனால், ரெக்கார்ட் நோட்டில் ஒருவர் போட்ட வரைபடத்தை மற்றவர்கள் பார்த்து வரைந்தால் அந்தப் பயிற்சி வீண். 'உன் வரைபடம் இங்கே ஏன் திடீரென்று ஏறுகிறது?' என்ற ஒரே கேள்வியை வைவாவில் கேட்டால் போதும், பார்த்து எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும்.

ஏஐ வந்துவிட்டதே, இனி எதற்கு?

குவிக் சார்ட் நிரலை இன்று ஏஐ கருவிகள் கண் மூடித் திறப்பதற்குள் எழுதித் தந்துவிடுகின்றன. அப்படியானால், மனப்பாடம் செய்து எழுதும் திறனுக்குச் சந்தையில் மதிப்பு என்ன? ஆனால், எழுதித் தந்தது சரியா, 10 லட்சம் வாடிக்கையாளர் வந்தால் தாங்குமா என்று சொல்ல வேண்டியவர் இன்னும் மனிதர்தான்.

அது எவ்வளவு கடினம் என்பதற்கு 'பைனரி சர்ச்' சாட்சி. வரிசையாக இருக்கும் பட்டியலில் நடுவில் பார்த்து, பாதியை ஒதுக்கிக்கொண்டே போகும் எளிய முறை. ஜான் பென்ட்லி தன் 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' நூலில், தொழில்முறை புரோகிராமர்களுக்குப் போதிய நேரம் கொடுத்து இதை எழுதச் சொன்னபோது சுமார் 90 சதவீதம் பேர் தவறு செய்ததாகப் பதிவு செய்திருக்கிறார். ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே பல ஆண்டுகளாக ஒரு பிழை இருந்ததை 2006-ல் ஜோஷுவா ப்ளாக் விளக்கினார். நடு இடத்தைக் கண்டுபிடிக்க முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தது நிரல். அந்தக் கூட்டுத்தொகை சுமார் 214 கோடியைத் தாண்டினால் 32 பிட்டுக்குள் அடங்காமல் எதிர்ம எண்ணாக மாறிவிடும். கணிதப்படி சரி, கணினிப்படி தவறு. அதே பிழை பென்ட்லியின் நூலில் இருந்த நிரலிலும் இருந்தது!

பெரிய ஆட்களே சறுக்கிய இடம் இது. எழுதிய நிரலைச் சந்தேகத்தோடு பார்க்கும் கண், நான்காம் செமஸ்டரில் பழகாவிட்டால் பிறகு எப்போது பழகும்?

அதற்குப் புதுக் கட்டடமோ புது சாஃப்ட்வேரோ தேவையில்லை. அடுத்த செமஸ்டரில் ஏதாவது ஒரு கல்லூரியில், ஏதாவது ஒரு இன்டர்னல் தேர்வில், இந்தக் கேள்வி வரட்டும்: 'கல்லாவில் 50, 20 ரூபாய் நோட்டுகள் மட்டும் உள்ளன. பெரிய நோட்டை முதலில் எடுக்கும் முறை எந்தெந்தத் தொகைக்குத் தோற்கும்? ஏன்? 10 ரூபாய் நோட்டுகளும் தாராளமாக இருந்தால் உங்கள் பதில் மாறுமா?' மனப்பாடம் செய்து வந்தவரும் செய்யாமல் வந்தவரும் அன்றைக்கு ஒரே கோட்டிலிருந்து தொடங்குவார்கள்.